பந்தயக் காரின் பெட்ரோல் பாதை: எதை வாங்குவது, எதை விடுவது?



நம்மில் பலருக்குக் கார் பந்தயம் என்றால் டி.வி.யில் பார்ப்பது மட்டும்தான். ஆனால் தாம்பரத்திலிருந்து பந்தயக் களம் ரொம்ப தூரம் இல்லை. வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இருக்கிறது. சுற்றளவு சுமார் 3.7 கிலோமீட்டர். 1953-ல் ஆரம்பித்த இந்த கிளப், முதலில் பல வருடங்கள் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை வந்தது.

நம்ம ஏரியாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பந்தயத்தில் ஓடிய மாருதிகளின் கார்புரேட்டர் பிறந்த இடம் மறைமலைநகர். யூகால் ஃபியூயல் சிஸ்டம்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிகுனி நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் அவர்கள் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ஒற்றை சீட் பந்தயக் கார்தான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்த வண்டியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

பெருமை இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். இன்று பழைய எஸ்டீம், பழைய 800 போன்ற வண்டிகளை வாங்கி, உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி, பந்தயப் பாதையில் ஓட்டுவதற்காக மாற்றி அமைக்கும் ஷெட்டுகள் இருக்கின்றன. நம் மாதிரி டிப்ளமோ பசங்க லீவு நாளில் அங்கே வேலைக்குப் போகிறோம். அங்கே பெட்ரோல் சிஸ்டத்துக்கு என்ன பார்ட்ஸ் வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இந்தக் கட்டுரை. மாற்றி அமைத்த வண்டி ரோட்டில் ஓடுவதற்கு அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதைத் தடுக்கிறது. டிரெய்லரில் ஏற்றித்தான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏன் பெட்ரோல் சிஸ்டம்?

இன்ஜின் வேலையில் தப்பு நடந்தால் இன்ஜின் போகும். பிரேக்கில் தப்பு நடந்தால் ஓட்டுபவர் ஓரளவு சமாளிக்க வழி உண்டு. பெட்ரோலில் தப்பு நடந்தால் நெருப்பு. பெட்ரோல் ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். சென்னை வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போய்விடாது, தரையில் தவழ்ந்து, வண்டிக்கு அடியிலும் குழியிலும் தங்கும்.

பந்தயம் ஓட்டுபவருக்கு நெருப்பைத் தாங்கும் உடை இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது. ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்து கிளிப் முடுக்கும் பையனுக்கு ஒரு பனியன்தான். அந்தப் பையன் நம்மில் ஒருவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நெருப்பில் கை போனால் எனக்கும் என் வீட்டுக்கும் வேறு கை கிடையாது. அதனால்தான் இதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

பெட்ரோல் போகும் வழி

டேங்க், பம்ப், ஃபில்டர், ஓஸ், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், கடைசியில் கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர். மிச்சமான பெட்ரோல் ரிட்டர்ன் ஓஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். டேங்குக்குக் காற்று போக வர ஒரு வென்ட். இவ்வளவுதான் சிஸ்டம்.

பார்ட்ஸ் வாங்கும்போது பலர் டேங்க் பக்கமிருந்து ஆரம்பிக்கிறார்கள். "பெரிய பம்ப் போட்டுடலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பேசுவார்கள். சரியான முறை தலைகீழ். இன்ஜினுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டு, அங்கிருந்து டேங்கை நோக்கிப் பின்னால் வர வேண்டும்.

முதலில் கணக்கு

முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு சாதாரண பெட்ரோல் இன்ஜின், ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 227 கிராம் பெட்ரோல் குடிக்கும். இது ஆங்கில அளவில் அரை பவுண்டு. டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு இதுதான்.

இன்ஜெக்ஷன் வைத்த எஸ்டீம் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 85 குதிரைத்திறன். கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி 100 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

100 × 227 = 22,700 கிராம், அதாவது 22.7 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.74 கிலோ. 22.7-ஐ 0.74-ஆல் வகுத்தால் 30.7 லிட்டர். இப்போது நமக்குக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆக மணிக்கு சுமார் 33 லிட்டர். பாதுகாப்புக்கு 30 சதவீதம் சேர்த்தால் 43 லிட்டர்.

நமக்கு வேண்டிய பம்ப் மணிக்கு 43 லிட்டர் கொடுத்தால் போதும்! ஆனால் வெளியே எல்லாரும் ஆசைப்படுவது மணிக்கு 255 லிட்டர் இறைக்கும் பம்ப். அது நம்ம தேவையைப் போல ஆறு மடங்கு. மிச்சம் ஐந்து பங்கும் இன்ஜின் ரூமின் சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்குத் திரும்பி, டேங்கில் உள்ள பெட்ரோலையும் சூடாக்கும். கரென்ட்டும் அதிகம் இழுக்கும். அதுக்காக ஒயர், ரிலே எல்லாம் பெரிசா போடணும். இன்ஜெக்ஷன் கார்களின் கம்பெனி பம்ப், நல்ல நிலையில் இருந்தால், 43 லிட்டரைத் தாராளமாகக் கொடுக்கும்.

இன்ஜெக்டருக்கும் இதே கணக்குதான். 33 லிட்டரை நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 8.25 லிட்டர்; நிமிடத்துக்கு 137 சி.சி. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. ஆகவே 137-ஐ 0.8-ஆல் வகுத்தால் 172. நிமிடத்துக்கு 180 சி.சி. உள்ள இன்ஜெக்டர் போதும்.

கார்புரேட்டர் உள்ள 800-ஐ 45 குதிரைத்திறனுக்குக் கொண்டு வந்தால், எத்தனாலையும் பாதுகாப்பையும் சேர்த்தே மணிக்கு 20 லிட்டருக்குள் அடங்கிவிடும். இன்ஜினோடு சேர்ந்து ஓடும் டயாஃப்ரம் பம்ப்பே அதுக்குப் போதும். அதில் ஒரு பெரிய நன்மை, இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும்.

அழுத்தம் வேறு, அளவு வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கார்புரேட்டருக்கு வேண்டிய அழுத்தம் 0.2 முதல் 0.3 பார் மட்டுமே. இன்ஜெக்ஷனுக்கு சுமார் 3 பார். பத்து மடங்கு வித்தியாசம். கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்ஷன் பம்ப் போட்டால் நீடில் வால்வால் அந்த அழுத்தத்தைத் தடுக்க முடியாது. மிதவைக் கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல் வழியும்.

பம்ப் வாங்கும்போது "எத்தனை லிட்டர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை பார்ல, எத்தனை வோல்ட்ல?" என்று சேர்த்துக் கேளுங்கள். அழுத்தம் ஏற ஏற பம்ப் கொடுக்கும் அளவு குறையும். ஒயர் மெலிசாக இருந்து வோல்ட் இறங்கினாலும் குறையும். பல சமயம் "பம்ப் வீக்" என்று தூக்கிப் போடும் பம்ப்பில் கோளாறே இருக்காது. பேட்டரியிலிருந்து ரிலே வழியாக ஒழுங்கான ஒயர் இழுத்தாலே சரியாகிவிடும்.

ஓஸ் எந்த சைஸ்?

இரண்டாம் ஆண்டில் படித்த தொடர் ஓட்டச் சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? ஓட்டத்தின் அளவு என்பது குறுக்குப் பரப்பு பெருக்கல் வேகம். பரீட்சைக்குப் படித்தோம், மறந்தோம். இங்கே அது காசு மிச்சம் பண்ணும்.

ரிட்டர்னில் திரும்புவதையும் சேர்த்து பம்ப் மணிக்கு 100 லிட்டர் தள்ளுகிறது என்று வைப்போம். ஒரு வினாடிக்கு சுமார் 28 சி.சி. உள் விட்டம் 8 மி.மீ. உள்ள ஓஸின் பரப்பு சுமார் 0.5 சதுர செ.மீ. 28-ஐ 0.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு 56 செ.மீ. வேகம். ஒரு மீட்டருக்குள் இருந்தால் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே போதுமானது. ஆகவே 8 மி.மீ. ஓஸ் தாராளம். இதை விடப் பெரிய ஓஸ் போட்டால் வண்டியில் கூடுதல் பெட்ரோல் சுமக்கலாமே தவிர வேகம் கூடாது.

எந்த ஓஸ்?

சைஸை விட முக்கியம் தரம். பெட்ரோல் ஓஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு ஆர் நம்பர் இருக்கும். கடையில் டார்ச் அடித்தாவது அதைப் படியுங்கள்.

ஆர்7 என்றால் கார்புரேட்டர் மாதிரி குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 என்றால் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு. ஆர்10 என்றால் டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கி இருப்பதற்கு. இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்9 ஓஸின் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். மேல் ரப்பர் அதற்காகச் செய்தது அல்ல. அதை டேங்குக்குள் போட்டால் மேல் ரப்பர் ஊறி, கரைந்து, ஃபில்டரை அடைக்கும்.

அச்சே இல்லாத கறுப்பு ஓஸ், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வேண்டாம். ஜே.சி.பி.க்கு ஹைட்ராலிக் ஓஸ் அடித்துக் கொடுக்கும் கடைகளில் "200 பார் தாங்கும் சார்" என்பார்கள். தாங்கும்தான், ஆனால் ஆயிலை! பெட்ரோலுக்கு என்று எழுதாத வரை அதையும் தொடாதீர்கள்.

மேலே ஸ்டீல் பின்னல் போட்ட ஓஸ் பார்க்க நன்றாக இருக்கும். அதில் இரண்டு வகை. உள்ளே ரப்பர் உள்ளது ஒன்று, டெஃப்லான் உள்ளது ஒன்று. எத்தனாலுக்கு டெஃப்லான் மிக நல்லது. பெட்ரோல் வாசனைகூட வெளியே வராது. ஆனால் இரண்டுக்கும் ஃபிட்டிங் வேறு. ரப்பர் ஓஸின் ஃபிட்டிங்கை டெஃப்லான் ஓஸில் மாட்டினால் அழுத்தத்தில் கழன்று வந்துவிடும். ஸ்டீல் பின்னலில் இன்னொரு தொந்தரவு, உள்ளே ரப்பர் வெடித்திருந்தால் வெளியே தெரியாது. பக்கத்தில் உரசும் ஒயரையும் அது அரம் மாதிரி அறுத்துவிடும். அதனால் கிளாம்ப் போட்டுக் கட்டியே ஆக வேண்டும்.

ஒழுகுவது இணைப்பில்தான்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஓஸ் நடுவில் ஒழுகுவது அபூர்வம். இரண்டு பொருள் சேரும் இடத்தில்தான் ஒழுகும்.

உலகமே பார்த்த உதாரணம் ஒன்று. 2020 நவம்பர் 29-ந் தேதி பஹ்ரைன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரோமன் குரோஜான் ஓட்டிய கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. அரை நிமிடத்துக்குள் அவர் வெளியே வந்து உயிர் பிழைத்தார். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. விசாரித்துச் சொன்னது என்ன? பெட்ரோல் வெளியேறிய முக்கிய வழிகள் இரண்டு. டேங்கின் சோதனை மூடி பெயர்ந்தது ஒன்று. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயின் இணைப்பு டேங்கிலிருந்து பிய்ந்தது இன்னொன்று. கோடிக்கணக்கில் செலவு செய்த வண்டியிலேயே இணைப்பில்தான் பெட்ரோல் வெளியே வந்தது.

அதனால் முதல் விதி: எத்தனை குறைவான இணைப்போ அத்தனை நல்லது. அலங்காரத்துக்காக நடுவில் ஒரு ஃபிட்டிங் வைக்காதீர்கள். ஓட்டுபவர் உட்காரும் பகுதி வழியாகக் குழாய் போனால், அந்தப் பகுதிக்குள் இணைப்பே இருக்கக் கூடாது. முன்னாலும் பின்னாலும் உள்ள தடுப்புத் தகட்டில் மட்டும்தான் இருக்கலாம். எஃப்.ஐ.ஏ. விதியும் இதையே சொல்கிறது.

இனி இணைப்பு வகைகள்.

1. கிளிப். சாதாரணமாகக் கிடைக்கும் திருகு கிளிப்பின் பட்டையில் வெட்டு வெட்டாக இருக்கும். முடுக்கும்போது அந்த வெட்டுக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும். இன்ஜெக்ஷன் ஓஸுக்கு என்றே ஓரம் மடித்த, சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும் கிளிப் உண்டு. விலை சில ரூபாய்தான் அதிகம். குழாயின் நுனியில் ஒரு மேடு இருக்க வேண்டும். கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேடு இல்லாத வழவழப்பான குழாயில் எந்தக் கிளிப் போட்டாலும் 3 பார் அழுத்தத்தில் ஒருநாள் உருவிக்கொள்ளும்.

2. பேஞ்சோ போல்ட். பம்ப், ஃபில்டர் இவற்றில் இருப்பது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பு வாசர். இந்த வாசர் ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதுசு போட வேண்டும். பத்து ரூபாய் வாசருக்காக வண்டியைப் பணயம் வைக்கக் கூடாது.

3. ஏ.என். ஃபிட்டிங். விமானத் துறையிலிருந்து வந்தது. நீலமும் சிவப்புமாகக் கடையில் தொங்குவது இதுதான். இதில் எண் என்பது குழாயின் வெளி விட்டத்தை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சொல்வது. ஏ.என். 6 என்றால் பதினாறில் ஆறு, அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி, 9.5 மி.மீ. நம்ம 100 குதிரைத்திறனுக்கு 6 தாராளமாகப் போதும். 8, 10 எல்லாம் வாங்குவது ஃபோட்டோவுக்கு மட்டுமே.

ஏ.என். ஃபிட்டிங்கில் பெட்ரோலை அடைப்பது மரை அல்ல. 37 டிகிரி சரிவுள்ள இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதால்தான் அடைபடுகிறது. ஆகவே அதில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போய் இன்ஜெக்டரை அடைத்தால் அந்த ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும்.

மரையில் இருக்கும் பொறி

இது நம்ம ஊர்க் கடைகளில் நிஜமாகவே நடக்கும் குழப்பம். ஏ.என். 6 மரையின் விட்டம் பதினாறில் ஒன்பது அங்குலம்; மி.மீ. கணக்கில் 14.29. அங்குலத்துக்கு 18 மரை. அதாவது ஒரு மரைக்கு 1.41 மி.மீ. நம்ம ஜப்பானிய வழிக் கார்களில் பரவலாக உள்ள 14 மி.மீ. மரை, 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். 14 மி.மீ. ஆண் மரையை ஏ.என். 6 நட்டில் வைத்தால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகும். "டைட் ஆயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். உண்மையில் மரை சிதைந்து பிடித்திருக்கும், முகங்கள் உட்கார்ந்திருக்காது. ஷெட்டில் ஒழுகாமல் இருந்துவிட்டு, களத்தில் அதிர்ச்சியில் ஒழுகும்.

இது போதாது என்று ஹைட்ராலிக் கடைகளில் பி.எஸ்.பி. மரை உண்டு, அதன் சரிவுக் கோணமும் வேறு. குழாய்க் கடைகளில் நுனி குறுகும் மரை உண்டு. எனவே கடைக்குப் போகும்போது பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வெர்னியர் காலிபரும், மரை அளக்கும் பிட்ச் கேஜும் வேண்டும். முதலாண்டு பட்டறையில் வைத்து விளையாடிய கேஜ்தான் அது. விரலால் கடைசி வரை ஏறாத மரை நம்முடையது அல்ல.

ஷெட்டில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் படித்தது எட்டாவது. அவர் சொல்வார்: "தம்பி, ஸ்பானர எடுக்கறதுக்கு முன்னாடியே அது பொருந்தணும்டா. ஸ்பானர் வச்சு பொருத்துனா அது பொருத்தம் இல்ல, பலவந்தம்." புத்தகத்தில் இதை இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

வளைவில் பெட்ரோல் எங்கே போகும்?

பந்தய டயரோடு வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசை புவியீர்ப்பு அளவுக்கே வரலாம். அப்போது டேங்கில் பெட்ரோலின் மேல்மட்டம் 45 டிகிரி சாயும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாயில் பெட்ரோலே இருக்காது. பம்ப் காற்றை உறிஞ்சும், இன்ஜின் விக்கும்.

இதற்கு மூன்று மருந்து. முதலில் டேங்குக்குள் தடுப்புத் தகடு, ஸ்பாஞ்சு. அடுத்து, டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் ஓட்டுவது. இதற்குக் காசே தேவையில்லை. மூன்றாவது சர்ஜ் டேங்க் எனப்படும் குட்டி டேங்க். ஒரு சின்ன பம்ப் இதை எப்போதும் நிரப்பி வைக்கும், பெரிய பம்ப் இதிலிருந்து எடுக்கும். அது எவ்வளவு பெரிசு வேண்டும்? நம் இன்ஜின் மணிக்கு 33 லிட்டர் குடித்தால் நிமிடத்துக்கு 0.55 லிட்டர். ஒரு லிட்டர் குட்டி டேங்க் கிட்டத்தட்ட 1 நிமிடம் 50 வினாடி தாங்கும். ஒரு வளைவு சில வினாடிதான். ஒரு லிட்டரே அதிகம். ஆனால் குட்டி டேங்க் வைத்தால் கூடுதலாக நாலைந்து இணைப்புகள் வரும் என்பதை மறக்காதீர்கள். தேவை இருந்தால் மட்டும் வையுங்கள்.

கார் கவிழ்ந்தால்?

டேங்க் வென்ட்டை வெறும் ஓஸாகக் கீழே விட்டால், கார் தலைகீழாகும்போது அதுவே பெட்ரோலைக் கொட்டும் குழாயாகிவிடும். கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம் வேண்டும்.

அதைவிட முக்கியம் பம்ப் கரென்ட். கம்பெனி ஒயரிங்கில் இன்ஜின் சுற்று நின்ற ஓரிரு வினாடியில் கம்ப்யூட்டர் பம்ப்பை நிறுத்திவிடும். ஷெட்டில் ஒயரிங்கைக் குறைக்கிறேன் என்று பம்ப்பை ஒரு ஸ்விட்ச் வழியாக நேராக பேட்டரியில் கொடுப்பார்கள். அப்படிச் செய்த வண்டி மோதி, ஓஸ் அறுந்து, ஓட்டுபவர் மயங்கினால், மணிக்கு 100 லிட்டர் பம்ப் ஒரு நிமிடத்தில் 1.6 லிட்டருக்கு மேல் பெட்ரோலை சூடான இன்ஜின் மேல் பீய்ச்சும். நிறுத்த ஆள் இருக்காது. எனவே பம்ப் ரிலேயை கம்ப்யூட்டர்தான் இயக்க வேண்டும். அதோடு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அணைக்கக்கூடிய மெயின் கட்-ஆஃப் ஸ்விட்ச் வேண்டும். மோதிய அதிர்ச்சியில் தானே பம்ப்பை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று ஃபோர்டு கார்கள் பலவற்றில் உண்டு. 2022 வரை நம்ம மறைமலைநகரில் ஃபோர்டு கார் தயாரானதால் பழைய பார்ட்ஸ் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

இ20-யும் பழைய வண்டியும்

800, எஸ்டீம் எல்லாம் இ20 வருவதற்கு முன் பிறந்த வண்டிகள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவும், இறுகி வெடிக்கவும் வைக்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். பந்தய வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பது. நம்ம ஊரோ கடற்கரை ஊர். அடியில் தண்ணீர் பிரிந்து தங்கினால் டேங்க் துருப்பிடிக்கும், கார்புரேட்டரின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே பந்தயம் முடிந்ததும் பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். ஓ-ரிங், டயாஃப்ரம், ஓஸ் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகையில் புதுசாக மாற்றுங்கள்.

எதைப் பழசு வாங்கலாம்?

புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்த பார்ட்ஸ் மலைபோலக் கிடக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடினால் ஏதாவது கிடைக்கும். நம்ம பாக்கெட்டுக்கு அவைதான் கடவுள். ஆனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: உலோகம் பழசு வாங்கலாம், ரப்பர் பழசு வாங்கக் கூடாது. இன்ஜெக்டர் ரெயில், ஸ்டீல் குழாய், பிராக்கெட், ஸ்விட்ச் பழசு பரவாயில்லை, சோதித்துப் போடலாம். ஓஸ், ஓ-ரிங், டயாஃப்ரம், வாசர், கிளிப், ஃபில்டர் புதுசு மட்டுமே. எஃப்.ஐ.ஏ.வின் ரப்பர் பை டேங்குக்கே ஆயுள் 5 வருடம். சோதித்து நீட்டித்தால் இன்னும் 2 வருடம். உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

செலவு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பெட்ரோலை உள்ளே வைத்திருப்பவை: ஓஸ், கிளிப், வாசர், வென்ட் வால்வு. இரண்டாவது பெட்ரோலை நிறுத்துபவை: ரிலே, கட்-ஆஃப் ஸ்விட்ச், தீயணைப்பான். மூன்றாவது பெட்ரோலைக் கொண்டுபோபவை: பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர். கலர் ஃபிட்டிங், ஸ்டீல் பின்னல் எல்லாம் கடைசி. பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பெரிய பம்ப்புக்கும் நீல நிற ஃபிட்டிங்குக்கும் காசு முடிந்து, கிளிப் வாங்கும்போது "இருக்கறத போடு" என்றாகிவிடுகிறது. மேலே போட்ட கணக்கின் பயன் இங்கேதான். கணக்குப் போட்டால் பம்ப்பில் காசு மிஞ்சும். மிஞ்சிய காசு இணைப்புக்குப் போகும்.

முடிக்கும் முன் சோதனை

வெளியே காற்றோட்டமான இடம், பக்கத்தில் தீயணைப்பான், சூடு ஆறிய இன்ஜின். இதன் பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

அளவுச் சோதனை: ரெகுலேட்டர் 3 பாரில் இருக்க, அதன் ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி ஒரு உலோகக் கேனில் 30 வினாடி பிடியுங்கள். 43 லிட்டர் தேவைக்கு 30 வினாடியில் சுமார் 360 மில்லி வர வேண்டும். வந்தால் பம்ப் தேறியது.

கசிவுச் சோதனை: இன்ஜினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட்டி, 3 பாரில் 10 நிமிடம் வையுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும். ஒரு சுற்று ஓட்டி வந்த பிறகு, இன்ஜின் ஆறியதும், மறுபடி ஒருமுறை இதே சோதனை. சூட்டிலும் அதிர்ச்சியிலும் எந்த இணைப்பு தளர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். முடுக்கிய இணைப்பு ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் இணைப்பு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

நண்பர்களே, ஷெட்டில் அனுபவம் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. ஆனால் பேப்பரும் பேனாவும் எடுத்து "எத்தனை லிட்டர் தேவை?" என்று கணக்குப் போடவும், ஓஸின் மேலுள்ள எழுத்தைப் படித்து "இது வேண்டாம்ண்ணா" என்று மரியாதையாகச் சொல்லவும் அங்கே ஒரு ஆள் வேண்டும். நம்மைப் படிக்க வைத்தவர்கள் கொடுத்த காசுக்கு நாம் அந்த ஆளாக இருப்பதுதான் கணக்கு. அடுத்த முறை இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும்போது கேலரியில் நின்று கை தட்டுவதோடு நிற்காமல், வண்டிகள் நிற்கும் பக்கம் போக முடிந்தால் போய், ஒவ்வொரு வண்டியிலும் பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்